ஐந்தாவது குச்சி

“என்னங்க அது கையில?” என்று மனைவி கேட்டதும் பல் டாக்டரின் கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

“ஒண்ணுமில்லையே.”

“ஒண்ணுமில்லாத கையிலேர்ந்து ஏன் மண்ணு கொட்டுது?”

“குச்சி வேர் விட்டிருக்கான்னு சும்மா எடுத்துப் பார்த்தேன்.”

“நேத்தும் பார்த்தீங்க. முந்தாநாளும் பார்த்தீங்க. தினம் காலையில உங்களைக் கட்டில்லேர்ந்து தலைகீழாத் தூக்கிப் பார்த்தா நீங்க தழைப்பீங்களா?”

மாடியில் குடியிருக்கும் பெண் துணி உலர்த்திக்கொண்டே இதைக் கேட்டாள். சிரிப்பை ஈரத்துண்டுக்குள் பொத்திக்கொண்டாள். அவள் அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே கீழ்வீட்டில் இருவரும் அவளிடம் நிறையப் பேசுவார்கள்.

பேனா இருக்கவேண்டிய பையில் டாக்டர் சின்னக் கத்தரி வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும், உள்ளே தேநீர் ஆறிக்கொண்டிருக்கும், இவர் செடியருகே குனிந்திருப்பார். “ரெண்டு கணு போதும், செடிக்கு வலிக்காது” என்று, கிளினிக் நாற்காலியில் நோயாளிகளிடம் பேசும் அதே குரலில் சொல்வார். கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. அடி இலைகளைக் களைந்து, நுனி இலை இரண்டையும் பாதியாக நறுக்கி, ஈரமணலில் ஊன்றி, பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்துவிடுவார். இதுவரை ஒரு குறை சொல்ல முடியாது. அதன்பின் ஒரு மாதம் கைகட்டி உட்கார வேண்டும். அதுதான் அவரால் ஆகாது. “முப்பது வருஷமா பிடுங்கின கை” என்பாள் மனைவி, பெருமூச்சோடு.

அவர் கிளினிக் ஜன்னலுக்கு எதிரே, ஒரு வீட்டில், பழுத்த பப்பாளி நிறத்தில் அடுக்குச் செம்பருத்தி பூத்துக் கிடந்தது. ஊசியை எடுக்கும்போது நோயாளியிடம், “அந்தப் பூவுல எத்தனை அடுக்குன்னு எண்ணுங்க” என்பார். எண்ணி முடிப்பதற்குள் ஊசி வேலையை முடித்திருக்கும். அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், முந்தின நாளே போய் ஐந்து குச்சிகள் வெட்டி வந்தார். மறுநாள் செடி செங்கல்லோடு செங்கல்லாகப் போனது. அந்த நிறம் எந்த நர்சரியிலும் கிடைக்கவில்லை. இப்போது ஜன்னலில் தகரத்தடுப்புதான் தெரிகிறது.

“தகரத்தைப் பாருங்கன்னா யார் பார்ப்பாங்க? எல்லாரும் என் கையையே முறைக்கறாங்கம்மா.” என்று மாடிப் பெண்ணிடம் சொல்லியிருந்தார்.

ஐந்தில் மூன்று, பரிசோதனையிலேயே மாண்டன. அதில் ஒன்று அரிசிமுனை அளவு வெள்ளை வேர்கூட விட்டிருந்தது; மனைவியிடம் காட்டத் தூக்கிக்கொண்டு ஓடியதில் ஒடிந்தது. அன்று காலை முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது நான்காவது. மதியத்துக்குள் அதுவும் தலைசாய்ந்தது.

மாலையில் ஐந்தாவது குச்சியைத் தொட்டியோடு ஏந்தி மாடி ஏறினார்.

“இது உன் வீட்ல இருக்கட்டும்மா. நேர் வெயில் ஆகாது. மண்ணு காயக் கூடாது.”

“சரி சார்.”

“நாளைக்கு நானே வந்து கேப்பேன். ஒரே ஒரு தடவை பார்த்துட்டுத் தரேன்னு நயமாச் சொல்லுவேன். நம்பிடாதே.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இரண்டு விரல்கள் பாட்டிலைத் தூக்கிக் குச்சியைப் பிடித்துவிட்டன.

“கையை எடுங்க சார்” என்றாள் அவள். அவள் குரல் அவ்வளவு உரக்க வரும் என்பது அவளுக்கே தெரியாது.

டாக்டர் பாட்டிலை மெல்லக் கவிழ்த்தார். இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டார்.

“இதேதாம்மா. தினமும் இதே மாதிரி சொல்லு.”