நின்று தொழ ஒரு கூடாரம்

இன்று கல்முனைக் கடைத்தெருவில் கூடாரம் தேடி அலைந்ததில் கால்கள் ஓய்ந்துபோயின.

நண்பர் நால்வர் ஜெய்லானி மலைப் பள்ளிவாசலுக்கு நடந்து செல்ல நிய்யத்து வைத்திருக்கிறோம். வழியெல்லாம் காடு, மாரிமழையும் நெருங்கிவிட்டது.

கடைக்காரர் சவூதியிலிருந்து வந்த நைலான் கூடாரம் ஒன்றை விரித்துக் காட்டினார். மூன்றே கிலோ. உள்ளே புகுந்து நிமிர்ந்தேன். தலை கூரையில் முட்டியது.

"இதுக்குள்ள நிண்டு தொழ ஏலாதே, தம்பி?"

"படுக்கத்தானே ஹாஜியார் கூடாரம்! நிக்கிறதெண்டா கென்வஸ் இரிக்கி. பதினொரு கிலோ."

இயன்றவன் கட்டாயக் கடமையான பர்ளுத் தொழுகையை நின்றே தொழவேண்டும். ஆகவே கென்வஸையே கட்டச் சொன்னேன்.

உடன் வந்த நண்பர் அதைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்செறிந்தார்.

"மச்சான், ஒப்பரேசனுக்குப் பொறகு பாரம் தூக்கப்படாதெண்டு டொக்டர் ஒங்களுக்குச் சொன்னவர்தானே? நிக்கிறது நீங்க, சுமக்கிறது நாங்களா?"

என் கடமை ஏறப்போவது பிறர் முதுகில் என்பது அப்போதுதான் உறைத்தது.

இலேசானதையே வாங்கிவந்தேன். தொழுகைக்கு வெளியே வந்து நிற்பேன். மழை பெய்தால், தொடக்கத் தக்பீர் முதல் முடிக்கும் ஸலாம் வரை எனக்குக் குடை பிடிக்க ஐந்தாமவர் ஒருவர் வேண்டும். இன்ஷா அல்லாஹ், நற்கூலி உண்டு.

சம்மதமுள்ளோர் அறியத் தாருங்கள்.