அக்காவை ட்ரில் கொல்லவில்லை

அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது என்கிறார்கள். எனக்கு அந்தச் செய்தியே இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கைப்பேசி அடித்தால், "டேய் தடியா, என் கிளாம்ப எவன்டா எடுத்தது?" என்று அக்காதான் கேட்பார் என நினைத்து எடுக்கிறேன். வேறு யாரோ பேசுகிறார்கள்.

இந்த நினைவு அஞ்சலியை எழுத வேண்டியவர் அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மச்சான். பேனாவைக் கையில் கொடுத்தால் அழுகிறார். அதனால், பள்ளிக்கூடமே சந்தோஷமாக வழியனுப்பி வைத்த என்னிடம் வந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பிழையை மட்டும் நான் பொறுப்பதாக இல்லை. சமையலறையில் ட்ரில் வைத்து விளையாடி, கரண்ட் அடித்து அக்கா போய்விட்டார் என்று உறவுகளில் பலர் இன்னும் பேசுகிறீர்கள். அது உண்மையில்லை.

அக்கா பிறந்தது கரங்கான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், படிப்பை நிறுத்திவிட்டு குருண் டவுனில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனார். நாள் முழுக்க ஸ்குரூ முடுக்குகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டபோது அக்காவின் மணிக்கட்டு தேய்ந்துபோயிருந்தது. ஊறுகாய்ப் போத்தலைக்கூடத் திறக்க முடியாது. ஆனால் அவர் எடுத்த தொழிலோ வீட்டிலிருந்தே வடை, முறுக்கு ஆர்டர்.

அப்படித்தான் என் மோட்டார் பட்டறையில் புழங்குகிற மாதிரிச் சாமான்கள் அடுப்படிக்குக் குடிபோயின. எண்ணெய் ஃபில்டர் கழற்றுகிற பட்டைச் சாவியால் போத்தல் மூடியைத் திறந்தார். முறுக்கு அச்சின் மேல் இரும்பு கிளாம்பைப் பூட்டித் திருகித் திருகியே பிழிந்தார். உளுந்து மாவு அடிக்க, முனையில் துடுப்பு மாட்டிய ட்ரில். கறை படிந்ததைச் சமையலறையில் விடமாட்டார். எல்லாம் புதிதாக வேண்டும். ட்ரில்லை அலோர் ஸ்டார் டவுனில் நான்தான் வாங்கித் தந்தேன். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு.

முதன்முதலில் இதைப் பார்த்த மச்சானின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னாடி இது? வடை சுடுறியா, வீடு கட்டுறியா?"

"ரெண்டும்தான் அத்தை. வடை சுட்டுத்தான் வீடு கட்டணும்."

கட்டியும் காட்டினார். பின்பக்கச் சமையலறை முழுக்க வடையில் எழுந்ததுதான்.

அக்கா போன அன்று கோயில் ஆர்டர். கூட இருந்தவர் பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா. அவர் போட்ட சத்தம் கேட்டுப் பட்டறையிலிருந்து நான் ஓடி வந்தபோது அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தார். மேசையில் மாவோடு ட்ரில். அடுத்து வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். மருத்துவமனையில் இதயம் நின்றுவிட்டது என்று சொல்வதற்குள், ஊரில் கரண்ட் என்று முடிவாகிவிட்டது.

அம்மா அழவே இல்லை. ட்ரில்லைத் திட்டினார். காலையில் எழுந்து திட்டினார், சோறு போட்டுக்கொண்டு திட்டினார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கருமாதி அன்று படையல் போட்டோம். போனவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது நம் வழக்கம். மாமாவுக்கு பீர் வைத்தோம், தாத்தாவுக்குச் சுருட்டு வைத்தோம். நான் வடை, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக், ஒரு பட்டுச் சேலை எல்லாம் வைத்துவிட்டு, யோசிக்காமல் இலை ஓரத்தில் ட்ரில்லையும் வைத்தேன்.

"எடுடா அத!" அம்மா போட்ட சத்தத்தில் பூசாரியே மணியைக் கீழே வைத்துவிட்டார். "எம் புள்ளையக் கொன்னத எலையிலயே வைக்கிறியா?"

பின்னால் நின்ற பாத்திமா அக்கா முன்னால் வந்தார்.

"அம்மா, நான் பக்கத்துலதானே இருந்தேன். மாவு அடிச்சு முடிச்சு பிளக்க அவளே புடுங்கிட்டா. உக்காந்தா. 'மாவு நல்லா வந்துருச்சு பாத்திமா, கொஞ்சம் தண்ணி குடு'ன்னா. தண்ணி எடுத்துட்டுத் திரும்பறேன், போயிட்டாம்மா."

அம்மா ட்ரில்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் தெரியும்லா. டாக்டர் சொன்னாரே, எனக்கு என்னா காது கேக்காதா? ட்ரில்லுன்னா அதத் திட்டலாம். அவ நெஞ்சுதான்னா நான் யாரப் போயித் திட்டுறது?"

"என்னையத் திட்டும்மா, எனக்குத்தான் பழக்கமாச்சே" என்றேன். அம்மா என் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். அந்தக் கை அப்படியே என் தலையிலேயே இருந்தது. பிறகுதான் அழுதார்.

மேசையில் மாவை விட்டுப் போன அக்காவுக்காக, கோயில் ஆர்டரைத் தன் கடையில் சுட்டுக் கொடுத்த பாத்திமா அக்காவின் கணவருக்கும், தோட்டத்திலிருந்து பஸ் எடுத்து வந்தவர்களுக்கும், எங்களைத் தனியே விடாத எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். இனி யாராவது கரண்ட் என்று சொன்னால், இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அம்மா மட்டும் சில நாள் இன்னும் சொல்வார். அவரிடம் மறுத்துப் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் கொஞ்ச நேரம் அந்த ட்ரில்லைத் திட்டிவிட்டுப் போங்கள்.