கேட்டில் கேட்கும் மன்னிப்பு

ஏ.எஸ்.ராவ் நகரில், கம்ப்யூட்டர்காரர்கள் நிறைந்த அபார்ட்மெண்டில் வயதான அண்ணன் ஒருவரும் நானும் வாட்ச்மேன்கள். எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். எமர்ஜென்சி காலத்தில், பிள்ளை பிறக்குமுன்பே அவரை மிரட்டிக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அனுப்பிய பழைய அதிகாரி, மறதி நோயோடு மூன்றாம் மாடியில் இருந்தார். தினமும் வாக்கிங் போய்விட்டு, வீடு தெரியாமல் கேட்டில் நிற்பார்.

“என் வீடு எதுப்பா?”

“எனக்கு என்ன பண்ணீங்கன்னு முதல்ல கேளுங்க சார்.”

இவர் சொல்லச் சொல்ல அதிகாரி அழுவார், மன்னிப்புக் கேட்பார். பிறகுதான் லிஃப்ட்.

“அந்த ஆபரேஷன் பண்ணா மூளை மழுங்கும்னு பயமுறுத்துனாங்க. எனக்கு ஒண்ணும் மறக்கல. மறந்தது அவருக்குத்தான்.”

“மன்னிப்புதான் கேட்டுட்டாரே, விடுங்கண்ணே.”

“நக்கோ தம்பி, வேணாம். கேட்டதே அவருக்கு ஞாபகமில்ல, நான் எப்படி ஏத்துக்கறது?”

அண்ணனுக்கு மன்னிப்பு வேண்டுமா, அந்த அழுகை வேண்டுமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.