ஜன்னல்களைச் சாத்திய மாதம்

ஆவிகள் திரும்பி வரும் என்று சீனர்கள் நம்பும் ஏழாம் மாதம் பிறந்தாலே எனக்கு நிம்மதி போய்விடும். ஆவிகளுக்குப் பயந்து இல்லை, புகைக்குப் பயந்துதான். குவீன்ஸ்டவுனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. கீழே பின்புறப் புல்வெளியில் ஒரு பெரிய தகரத் தொட்டி இருக்கிறது. சாயங்காலமானால் செத்துப்போனவர்களுக்காகக் கட்டுக்கட்டாகக் காகிதம் போட்டு எரிப்பார்கள். கரித்தூள் எங்கள் கொடித் துணிவரை வரும்.

மற்ற வருஷங்களில் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவேன். அந்த வருஷம் மகளுக்குப் பத்து மாதம். திடீரென்று அவள் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். அவள் தூங்கும்போது காதை நெஞ்சில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எனக்கு உயிர் போய் வரும்.

“ஒரு மாசம்தானே லா, பொறுத்துக்க,” என்றார் கணவர்.

“மூச்சு விடறத ஒரு மாசம் பொறுத்துக்க முடியுமாங்க?”

அன்றே எல்லா ஜன்னல்களையும் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன். இனி ஒரு பொட்டுப் புகை உள்ளே வரட்டும், பார்க்கலாம்! பிறகு நிம்மதியாக மகளைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சாம்பிராணி காட்டி, பால் கொடுத்துப் படுக்க வைத்தேன். தினமும் அப்படித்தான்.

இழுப்பு கூடியது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தரைத்தளத்தில் தனியாக இருக்கும் சீன ஆன்ட்டி தொட்டியருகே நின்றபோது இறங்கிப்போய்க் கத்தினேன். கத்தியதில் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். “என் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு!” என்றேன். மறுநாள் அவர் முட்டிவலியோடு காகிதக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்துச் சாலையோரத் தொட்டிக்கு இழுத்துப் போனார். அது எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவோ தூரம். அப்படியும் இழுப்பு குறையவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதிலிருந்து மூன்றாம் நாள் மகளின் உதடு நீலம் பூத்தது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகள் உள்ளே போயின. ஐயோ, அந்த டாக்சிப் பயணம்! அழுவதற்குக்கூட அவளிடம் மூச்சில்லை. ‘அழுடி, கத்துடி’ என்று நான்தான் கத்திக்கொண்டு போனேன்.

“வீட்டில் யாராவது சிகரெட்?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

“இல்லை.”

“வேறு ஏதாவது எரிக்கிறீர்களா?”

“நாங்க இல்ல டாக்டர், கீழ்வீட்டுக்காரங்க!” சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

மருந்துப்புகை மாஸ்க்கை மாட்டக் குனிந்த தமிழ் நர்ஸ் சட்டென்று நின்றாள். மகளின் உச்சந்தலையருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

“அக்கா, பாப்பா தலையில சாம்பிராணி வாசம் வருதே. டெய்லி போடுறீங்களா? ஜன்னல தெறந்து வச்சுதானே போடுவீங்க?”

தேக்கா சந்தையில் நானே பார்த்துப் பார்த்து வாங்கிய சாம்பிராணி. தலையில் நீர் கோத்துக்கொள்ளக் கூடாதே என்று கூடைக்கடியில் தணல் வைத்து, ஈர முடியை மேலே விரித்து, நானே காட்டிய புகை. போக வழியில்லாமல் எல்லா ஜன்னலையும் சாத்தியதும் நான்தான். அதைப் புகை என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

இரண்டு நாளில் மகள் தேறினாள். வீடு திரும்பியபோது லிஃப்ட் அருகில் ஆன்ட்டி காத்திருந்தார். தள்ளுவண்டி காலியாக இருந்தது.

“பேபி ஓகே?” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாரி, என் புகையால்தானே. இனிமேல் என் வீட்டுக்காரருக்கு எரிக்கப் போவதில்லை. அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்,” என்று இங்கிலீஷில் சொன்னார்.

உண்மை என் தொண்டைவரை வந்தது. இவ்வளவு நீள வாயை வைத்துக்கொண்டு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்:

“தேங்க் யூ, ஆன்ட்டி.”