என் நேர்த்தியும் அவள் முழங்காலும்

வலைப்பந்து விளையாடும் என் மகளுக்குப் பதினாறு வயதில் முழங்காலுக்குள் தசைநார் அறுந்தது. அவளுடைய காலிலிருந்தே வேறொரு நாரை எடுத்துப் பொருத்த வேண்டியிருந்தது.

"முழங்கால் சிரட்டைக்குக் கீழை எடுத்தால் உறுதி கூட. ஆனால் முழந்தாளிலை நிக்க நோகும்," என்றார் டொக்டர். "தொடைக்குப் பின்னாலை எடுத்தால் அந்த நோ குறைவு. ஆனால் விளையாடுற பிள்ளையளுக்கு அது திரும்ப அறுந்துபோற ஆபத்துக் கூட."

"எனக்கு உறுதியானதுதான் வேணும்," என்றாள் மகள்.

நான் விடவில்லை. கால் சரிவந்தால் தேருக்குப் பின்னால் அவள் அடியழிப்பாள் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தேன். வீதி முழுக்க முழந்தாளிட்டு விழுந்து கும்பிட்டு எழ வேண்டுமே. தொடையிலேயே எடுக்கச் சொன்னேன்.

அடுத்த தேருக்கு அவள் நோவில்லாமல் அடியழித்தாள். நான் பூரித்துப்போனேன். அதன்பின் ஆடிய முதல் போட்டியில், துள்ளிப் பந்தைப் பிடித்து இறங்கியவள் அப்படியே விழுந்தாள். அதே கால்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, இந்த முறையும் ஏதும் நேர்ந்திட்டியளோ?"

நேர்ந்திருந்தேன், அவள் விழுந்த கணத்திலேயே. இந்த முறை அடியழிக்கப்போவது நான்.