பாதி நிறைந்த தொட்டி

பழகிய தொட்டி பழகிய ஆளை எப்படிக் கொல்லும்? ஓபேன் இறந்தபோது எங்கள் ஊரில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் மனைவி எர்மான்ஸுக்கும் தெரியவில்லை.

பிரான்சின் பர்கண்டிச் சரிவில் அவர்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம், முழுக்க பினோ நுவார் திராட்சைக் கொடிகள். அந்தப் பழத்துக்குத் தோல் மெலிசு. கொத்து நெருக்கமானது, தூறல் விழுந்தாலே உள்ளுக்குள் அழுகிவிடும். "மாமியார் குணம். வெயிலடிச்சாலும் கோபம், மழை பெஞ்சாலும் கோபம்" என்பார் ஓபேன்.

மரத்தொட்டியில் சாறு நுரைக்கும்போது தோல் மேலே மிதந்து சக்கையாகக் கட்டிக்கொள்ளும். அதை உள்ளே அமுக்காவிட்டால் நிறமும் இறங்காது, சக்கை காய்ந்து காடியாகிவிடும். கட்டையால் குத்தினால் விதை நசுங்கிக் கசக்கும் என்று அந்த வீட்டில் காலால்தான் மிதிப்பார்கள். அப்படி மிதிக்கத் தனியாக இறங்கிய ஓபேன் ஏறி வரவில்லை.

மறு அறுவடையிலும் மழை பிடித்துக்கொண்டது. எர்மான்ஸ் ஒவ்வொரு கொத்தையும் பிளந்து முகர்ந்து, அழுகலை வீசினாள். மிஞ்சியதைப் போட அந்தத் தொட்டியை விட்டால் வேறு கிடையாது. அது பாதிகூட நிறையவில்லை. சில நாளில் சாறு நுரைத்துச் சக்கை கட்டியது.

"இதையும் விட்டா தோட்டமே போச்சுன்னு நெனச்சுக்கோ அண்ணி" என்றான் கொழுந்தன் காஸ்பார். ஏணியைச் சாய்த்துக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"இரு." எர்மான்ஸ் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, நூலில் கட்டி இறக்கினாள். விளிம்பு வரை நின்று எரிந்தது. ஒரு முழம் இறங்கியதும் பட்டென்று அணைந்தது. மறுபடி கொளுத்தினாள். அதே இடத்தில் அணைந்தது.

அவள் விளிம்பைப் பார்த்தாள், கீழே கிடந்த சக்கையைப் பார்த்தாள்.

"காஸ்பார், தொட்டி நெறஞ்சிருந்தா உங்கண்ணன் தலை எங்க இருக்கும்?"

"வெளிய. நின்னு பாட்டுப் பாடுவாரே."

"போன வருசம் ஆலங்கட்டி மழை பாதிப் பழத்தக் கொண்டுபோச்சு. தொட்டி இதே மாதிரிதான் இருந்துச்சு. தலை உள்ள இருந்திருக்குடா. நுரை விடுற கெட்ட காத்து பூரா அந்தப் பள்ளத்துல நின்னிருக்கு. எப்பவும் போலத்தானேன்னு எறங்கிட்டாரு."

காஸ்பார் ஏணியில் கை வைத்தான். பிறகு, "நான் மூச்சடக்கிட்டு ரெண்டு மிதி மிதிச்சுட்டு ஏறிடுறேன். இப்பவே காடி வாடை அடிக்குது" என்றான்.

"அடிக்கட்டும்."

"ஊரே சிரிக்கும் அண்ணி."

"சிரிக்கிறவன் உன்னைத் தூக்கிட்டுப் போக வருவானா? உங்கண்ணனைத் தூக்கினப்போ நீதானே தலைமாட்டுல நின்ன?"

அவள் ஏணியை இழுத்து வெளியே போட்டாள். கொட்டகைக் கதவுகளைத் திறந்துவைத்தார்கள். பெரிய மின்விசிறியைத் தொட்டிமேல் கட்டி ஓடவிட்டார்கள். மறுநாள் காலையில் விசிறியை நிறுத்திப் பார்த்தபோதும் சுடர் அணைந்தது. சக்கையின் மேல்பக்கம் வெடித்துக் காய்ந்தது. எர்மான்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மதியம் மறுபடி விசிறியை நிறுத்தி இறக்கியபோது சுடர் சக்கை வரைக்கும் போய் அசையாமல் நின்றது. விசிறியைத் திரும்ப ஓடவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் காஸ்பாரிடம் கொடுத்துவிட்டு அவளே இறங்கினாள். காய்ந்த மேல்சக்கையை அள்ளி வெளியே எறிந்தாள். பிறகு மிதித்தாள். சாறு தொடைவரை வெதுவெதுப்பாக ஏறியது.

"அண்ணி, பேசிக்கிட்டே இரு. சத்தம் கேக்கணும்."

"அவர் விழுந்தப்பவும் இப்படித்தான் சூடா இருந்திருக்கும்" என்றாள். அதன்பிறகு சத்தத்துக்குப் பதில் கயிறுதான். காஸ்பார் கயிற்றைச் சுண்டும்போதெல்லாம் அவளும் ஒரு முறை சுண்டினாள்.

அந்த வருடத்து ஒயின் கொஞ்சம்தான் வந்தது. நிறம் வெளிறியிருந்தது, ஆனால் காடி வாடையில்லாமல் சுத்தமாக இருந்தது. அறுவடை விருந்தில் காஸ்பார்தான் அதை எல்லோருக்கும் ஊற்றினான்.

இதைப் படிக்கிறவர்கள் தொட்டியிலோ கிணற்றிலோ இறங்கும் ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். பல வருடம் பழகியவர் என்றால் அவருக்கு முதலில் சொல்லுங்கள்.