உடம்புள்ள கடவுளின் ஆள்

பிடரிக்குக் கீழே இரண்டு கட்டைவிரல்களையும் ஊன்றி, எண்ணெயை முதுகெலும்பின் இருபுறமும் இழுத்துக்கொண்டு இடுப்புவரை இறங்குகிறார் மரியசெல்வம். பலகையில் குப்புறக் கிடப்பவர் மதுரைக்காரர். கண்ணை மூடி முனகுகிறார்.

"அண்ணாச்சி, இந்த மாதிரியே கடவுளுக்கும் ஒரு முதுகு உண்டு, பாத்துக்கிடுங்க. சதையும் எலும்புமா. வெளையாட்டுக்குச் சொல்லல."

மதுரைக்காரர் ஒரு கண்ணைத் திறந்து, யாரிடம் முதுகைக் கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கிறார். அதற்குள் கை விலாவுக்குப் போய்விட்டது. கண் மறுபடி மூடிக்கொள்கிறது.

ஐந்தருவிக்குப் போகும் வழியில், பழக்கடைகளுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது அவருடைய மசாஜ் பலகை. மங்குஸ்தான் தோல் மிதிபட்டு மண்ணெல்லாம் கருஞ்சிவப்பு. சாரல் சாய்ந்து அடித்தால் தார்ப்பாய் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதை முழங்கையால் அமுக்கிக்கொண்டே மற்ற கையால் வேலை நடக்கும். சீசன் முடிந்ததும் தென்காசிக்குள் இறங்கிவிடுவார். வாதம் வந்து படுத்தவர்களின் வீடுகளுக்குப் போய்க் கைகால் உருவிவிடுவார்.

தென்காசிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியவர், பாடகர் குழுவில் தபேலா தட்டியவர். பெங்களூரில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் உதவியாளாக இருந்த காலத்தில் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் பழக்கமானார்கள். தந்தையாகிய கடவுளுக்குத் தொட்டுணரக்கூடிய உடம்பு உண்டு என்று அவர்கள் சொன்னபோது, பகலெல்லாம் உடம்புகளையே தொட்டுக்கொண்டிருந்தவருக்கு அது சரியான இடத்தில் விழுந்த அழுத்தம்போல இருந்தது. கொஞ்ச நாளில் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஊரில் அந்தச் சபைக்கு வேறு ஆள் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சீசன் உச்சத்தில் இருந்தாலும், பலகை காலிதான். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் டையுமாக பக்கத்து ஊரான வல்லத்தில் வாடகை அறையில் செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்து, பெங்களூர் ஆராதனையில் கலந்துகொள்வார். சபை விலக்கியது என்று டீ கிடையாது, காபி கிடையாது. பீர் பாட்டிலை நீட்டுகிற சுற்றுலாக்காரர்களிடம் தலையை மட்டும் ஆட்டுவார்.

"ஏலே செல்வம், நேத்து உங்க கோயில்ல எத்தன பேரு?" என்பார் பக்கத்துப் பலகைச் சங்கரபாண்டி.

"இங்கன ஒருத்தன்."

"அடேயப்பா, தள்ளுமுள்ளு ஆயிருக்குமே."

சிரிக்க மாட்டார். "ஒருத்தன்னா ஒருத்தன்தான். அதுக்காக வேற மாதிரி நம்ப முடியுமா?"

அவருடைய ரெக்சின் பையில் இரண்டு புத்தகங்கள். ஒன்று அம்மா வைத்திருந்த கத்தோலிக்க விவிலியம். மற்றது மார்மன் சபையின் இன்னொரு வேதநூல், நீல அட்டை. எண்ணெய்க் கையால் இரண்டையும் தொடுவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளங்கையை மோந்து பார்த்த பிறகே எடுப்பார். "புராட்டஸ்டண்டு சபைக்காரங்க உங்க விவிலியத்துல கொஞ்சப் புத்தகத்தக் கழிச்சாவ. நாங்க கொஞ்சத்தச் சேத்தோம். கழிச்சவன விட்டுட்டுச் சேத்தவன எதுக்கு ஏசுதீங்க?" என்று பங்குச் சாமியாரிடமே கேட்டவர் அவர்.

கேட்க வசதியும் இருந்தது. இடுப்புவலிக்காகத் திங்கள்கிழமைதோறும் அந்தப் பலகைக்கு வருகிறவர் சாமியார்.

"கடக்கணக்கு மாதிரில்லா பேசுத," என்றார் சாமியார், பலகையில் முகம் புதைத்தபடி. "தன் மகனையே அனுப்பிட்டாரு கடவுள். அதுக்கு மேல சொல்லுததுக்கு என்ன மிச்சம் இருக்கு? கடவுள் தன்ன வெளிப்படுத்துதது அப்போஸ்தலர்களோட முடிஞ்சுது."

"பேசிக்கிட்டிருந்த தகப்பன் திடீர்னு வாய மூடிக்கிடுவாராக்கும்? இன்னைக்கும் பேசுதாரு சாமி. எங்க சபைல தீர்க்கதரிசி இன்னைக்கும் உண்டு."

"கடவுளுக்கு உடம்பு இருந்தா, உடம்புக்கு ஒரு ஓரம் இருக்கும். ஓரம் உள்ளவரு எல்லா எடத்துலயும் எப்படி இருப்பாரு? தந்தை ஆவியா இருக்காரு. உடம்பெடுத்தது மகன். ஆ... மெதுவா!"

"இங்கனதான் முடிச்சு, சாமி. நம்மள அவரு சாயல்ல படைச்சாருங்கீங்க. சாயல் வேணும், உடம்பு வேண்டாம்னா எப்படி?"

"சாயல் அறிவுலயும் அன்புலயும் இருக்கு."

சங்கரபாண்டி தன் பலகையைத் துடைத்துக்கொண்டே குறுக்கே விழுந்தார்: "எங்க சாமிக்கு நாலு கையி, ஆறு கையின்னு இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்கல. ரெண்டே ரெண்டு கைக்கு இவ்வளவு சண்டையா?"

இதெல்லாம் பேச்சோடு போய்க்கொண்டிருந்தது, சகாயராணிக்குப் பிள்ளை பிறக்கும்வரை.

சகாயராணி அவருடைய ஒரே தங்கை. கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பெற்ற ஆண்பிள்ளை. வயிற்றில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன் தாய்மாமன்தான் என்று. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த பிறகு, மழைக்கு ஆள் ஒதுங்கிய ஒரு மத்தியானம் தார்ப்பாய்க்கு அடியில் வந்து நின்றாள்.

"மூணு கேள்வி கேப்பாவ. மூணுக்கும் ஒரே பதில், விசுவசிக்கிறேன். அதச் சொல்ல உனக்கு என்னண்ணே?"

"எத விசுவசிக்கேன்னு சொல்ல?"

"கடவுளத்தான்."

"மூணு ஆளும் ஒரே கடவுள்னு அவிய சொல்லுதாவ. தகப்பன் வேற ஆளு, மகன் வேற ஆளு, ஆவியானவரு வேற ஆளு. நோக்கம் மட்டும் ஒண்ணுன்னு நான் நம்புதேன். கடசிக் கேள்வில கத்தோலிக்கத் திருச்சபையையும் கேப்பாவ. அத விட்டு வந்தவன் நான்."

"உள்ள என்ன நெனைக்கேன்னு யாரு பாக்கா? வாயால சொல்லிட்டு வா. அங்க நிக்கவனெல்லாம் அர்த்தம் தெரிஞ்சா சொல்லுதான்? நானே சும்மாதான் சொல்லுவேன்."

"பச்சப்பிள்ளைக்கு எதுக்குட்டி ஞானஸ்நானம்? எங்க சபைல மாதிரி எட்டு வயசாகட்டும். அவனே கேக்கட்டும்."

"அந்த எட்டு வருசமும் உன் வாயத் தச்சு வையி!" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "நீ நிக்கலன்னா எனக்கு அண்ணனே கிடையாது. வாசப்படி மிதிக்காத."

மழையிலேயே இறங்கிப் போனாள். அவர் கூப்பிடவில்லை. காலியாக இருந்த பலகையை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரேஷன் கார்டுக்கு எத்தன பொய் சொல்லுதோம், தங்கச்சிக்கு ஒண்ணு சொல்லப்படாதா?" என்றார் சங்கரபாண்டி. சித்தப்பாவும் அதையே போனில் சொன்னார். எல்லாம் ஒரே சாமிதான், ஒரு வார்த்தைதான், என்றார்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும். மரியசெல்வம் எல்லாருக்கும் ஒரே பதிலைத் திருப்பிக் கொடுத்தார்: "ஒரு வார்த்தைதான்னா அத நீங்க விட்டுக்குடுங்களேன்."

திங்கள்கிழமை சாமியார் வந்து படுத்தார்.

"உன் தங்கச்சி வந்து அழுதா. எப்படியாவது உன்ன நிக்க வையுங்கன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னுட்டேன். திருச்சபைய விட்டுப் போன நீ சம்மதிச்சாலும் முடியாது. உங்க சபைல குடுக்குத ஞானஸ்நானத்தையே எங்க திருச்சபை ஏத்துக்கிடல. தந்தை, மகன், தூய ஆவின்னு அதே பேரச் சொல்லித்தான் முக்குதீங்க. ஆனா நீங்க தந்தைங்கது வேற, நாங்க தந்தைங்கது வேற."

மரியசெல்வத்தின் கை நின்றது. "அதத்தான் சாமி நானும் தொண்ட கிழியச் சொல்லுதேன். எல்லாரும் ஒண்ணுதான், ஒண்ணுதாங்கான். வேறன்னு சொல்ல இந்த ஊர்ல நீங்க ஒரு ஆளாவது இருக்கீங்களே!"

"நீ சொல்லுதது தப்புன்னும் சேத்துச் சொல்லுதேன்."

"சொல்லுங்க. நீங்க சொல்லுததும் தப்புதான்." அன்றைக்குச் சாமியாரின் இடுப்பை அவர் நீவிய நீவலில், பலகையைவிட்டு எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தார் மனிதர்.

ஞானஸ்நானத்துக்கு மரியசெல்வம் வரமாட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். வெள்ளைச் சட்டை, டை சகிதம் வந்தார். கோயிலின் நடுவழியே நடந்து, தாய்மாமனுக்கு உரிய முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். பின்னால் ஒரு சலசலப்பு ஓடியது. ஞானஸ்நானத் தொட்டியருகே சகாயராணி பிள்ளையோடு நின்றாள். பக்கத்தில் கணவன், ஞானத்தகப்பனாக அவனுடைய அண்ணன். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாமியார் முதல் கேள்வியைக் கேட்டார். தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் விசுவசிக்கிறேன் என்று முணுமுணுத்தார்கள். இரண்டாவது கேள்வி. அதே முணுமுணுப்பு, ஞானத்தகப்பனின் கண் கோயில் கடிகாரத்தில் இருந்தது. மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது சகாயராணி சட்டென்று திரும்பி அண்ணனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லேன் என்கிற பார்வை. மரியசெல்வம் அவள் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல், மெதுவாக, இல்லை என்று தலையசைத்தார்.

அவள் முகம் சிவந்தது. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு சாமியார் பக்கம் திரும்பினாள். "விசுவசிக்கிறேன்" என்றாள். கோயிலின் கடைசி பெஞ்சுவரை கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, அண்ணனை எதிர்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

உட்கார்ந்திருந்த கூட்டத்தில் மரியசெல்வம் மட்டும் எழுந்தார். உதடுகளை இறுக மூடியபடி, டையைச் சரிசெய்துகொண்டு, இந்த முறை சும்மா சொல்லாத தங்கைக்காக நேராக நின்றார்.